ஓட்டுச்சீட்டு யார் கையில்? உலகப் போட்டிகளுக்கு நகரம் தேர்வாகும் கதை

1993 செப்டம்பர் 23, மாண்டி கார்லோ. 2000-ஆம் ஆண்டு ஒலிம்பிக் எந்த நகரத்துக்கு என்று அறிவிக்க, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர் ஹுவான் அன்டோனியோ சமராஞ்ச் மேடைக்கு வந்தார். முடிவைச் சொல்வதற்கு முன், போட்டியிட்ட ஐந்து நகரங்களுக்கும் பெயர் சொல்லி நன்றி தெரிவித்தார். ஆங்கில அகரவரிசையில் முதலில் வரும் பெயர் பெய்ஜிங். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததுமே சீனாவில் தொலைக்காட்சி முன் கூடியிருந்தவர்கள் துள்ளிக் குதித்தார்கள். சில நொடிகள்தான். உறையைப் பிரித்து அவர் வாசித்த பெயர் சிட்னி.

ஓட்டுக் கணக்கைப் பார்த்தால் அவர்கள் அவசரப்பட்டதைத் தப்பு சொல்ல முடியாது. முதல் சுற்றில் பெய்ஜிங்குக்கு 32, சிட்னிக்கு 30. கடைசியில் வந்த இஸ்தான்புல் வெளியேறியது. இரண்டாம் சுற்றில் 37-க்கு 30, பெர்லின் வெளியேறியது. மூன்றாவதில் 40-க்கு 37. பதினொரு ஓட்டு வாங்கிய மான்செஸ்டர் வெளியேறியது. மூன்று சுற்றிலும் முந்தி நின்ற நகரம் நான்காவது சுற்றில் 43-உடன் நின்றுபோனது. சிட்னிக்கு 45. மான்செஸ்டர் போனபின் பெய்ஜிங்குக்குக் கூடியது மூன்று ஓட்டு, சிட்னிக்குக் கூடியது எட்டு. சுற்றுக்கு ஒருவராகக் கழித்துக்கொண்டே போகும் தேர்தலில் நிறையப் பேருக்குப் பிடித்திருந்தால் மட்டும் போதாது. மிச்சமிருக்கும் பேருக்குப் பிடிக்காமலும் இருக்கக் கூடாது. பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ஜனநாயகம் கேட்டவர்களின் ரத்தம் சிந்தி அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பெய்ஜிங்குக்குக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அந்த ஆண்டு தீர்மானமே போட்டிருந்தது.

கெட்ட பெயரால் ஒரு நகரம் தோற்றது என்றே இந்தக் கதை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சொல்லப்பட்டது. 1999 ஜனவரியில் கதை மாறியது. வாக்கெடுப்புக்கு முந்தின இரவு, கென்யா, உகாண்டா உறுப்பினர்கள் இருவரிடம், சிட்னி ஜெயித்தால் உங்கள் நாட்டு விளையாட்டு வளர்ச்சிக்குத் தலா 35,000 டாலர் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்ததை ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஜான் கோட்ஸ் ஒப்புக்கொண்டார். அது லஞ்சமல்ல, விதிக்கு உட்பட்ட உதவி என்பது அவர் கட்சி. வெற்றி வித்தியாசம் இரண்டே ஓட்டு. பேசப்பட்ட உறுப்பினர்களும் இரண்டு பேர். அவர்கள் எந்தப் பக்கம் போட்டார்கள் என்று நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் அது ரகசிய வாக்கெடுப்பு.

தோற்கடித்தது தியானன்மெனா, 35,000 டாலரா என்று இன்றும் விவாதிக்கலாம், முடிவு வராது. எனக்கு அதைவிட உபயோகமாகத் தோன்றும் கேள்வி, ஓட்டுச்சீட்டு யார் கையில் இருந்தது என்பது. நகரத்தின் தகுதி, நாட்டின் பெயர், செலவுக் கணக்கு எல்லாம் அந்தக் கைக்குத் தகுந்தபடிதான் எடை கூடும், குறையும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்தச் சீட்டு பல கை மாறியிருக்கிறது.

நூறு பேர் மனசு

ஒலிம்பிக் கமிட்டியில் ஏறத்தாழ நூறு உறுப்பினர்கள். ராஜ குடும்பத்தவர், முன்னாள் வீரர்கள், விளையாட்டுச் சங்கத் தலைவர்கள், தொழிலதிபர்கள் எனப் பலவகை. இவர்கள் தங்கள் நாட்டின் பிரதிநிதிகள் அல்ல என்று சாசனம் சொல்கிறது. தங்கள் நாட்டில் கமிட்டியின் பிரதிநிதிகள். புது உறுப்பினர்களைச் சேர்ப்பதும் இருக்கும் உறுப்பினர்களே. ஆக, ஓட்டுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. இப்படிப்பட்ட நூறு பேர் மனசைப் பிடிக்க வேண்டுமென்றால் எந்த ஊரும் ஸ்டேடியம் வரைபடத்தோடு நிற்காது.

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1998 குளிர்கால ஒலிம்பிக்குக்கான தேர்தலில் அது ஜப்பானின் நாகானோவிடம் 46-க்கு 42 என்று தோற்றது. (நாகானோ ஏற்பாட்டாளர்களின் செலவுக் கணக்குப் புத்தகங்கள் பிற்பாடு எரிக்கப்பட்டுவிட்டன. அதனால் அந்த நான்கு ஓட்டின் கதை அவ்வளவுதான்.) அடுத்த முறை தோற்கக் கூடாது என்று இறங்கியது சால்ட் லேக். 1995-இல் 2002 போட்டியை வென்றது. 1998 நவம்பரில் உள்ளூர் தொலைக்காட்சி ஒன்றின் கையில் ஒரு கடிதம் சிக்கியது: கேமரூன் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு வாஷிங்டனில் பல்கலைக்கழகப் படிப்புச் செலவை ஏற்பாட்டுக் குழு கட்டிவந்ததற்கான கடிதம். நூலைப் பிடித்து இழுத்ததில் மருத்துவச் செலவு, வேலை, பரிசு, சுற்றுலா என்று மூட்டையே அவிழ்ந்தது. பத்து உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள், சிலர் ராஜினாமா செய்தும் சிலர் நீக்கப்பட்டும். கொடுத்த பக்கத்தில் இருந்த இரு தலைவர்களை அமெரிக்க நீதிமன்றம் 2003-இல் விடுவித்துவிட்டது.

இதற்குப் பின் உரிமை கோரும் நகரங்களுக்கு உறுப்பினர்கள் போய்ப் பார்ப்பதே தடை செய்யப்பட்டது. யோசித்துப் பார்த்தால் விநோதமான விதி. வீட்டைப் பார்க்காதே, ஆனால் வீட்டை நீதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது போல. நகரத்தை நேரில் காணாதவர்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும் என்றால், நகரத்தைவிட அதன் முகமாக வந்து நிற்பவருக்கு மவுசு கூடும். அதுதான் நடந்தது. ஹோட்டல் தாழ்வாரங்களில் நாட்டுத் தலைவர்கள் நடமாட ஆரம்பித்தார்கள்.

2005-இல் சிங்கப்பூரில் 2012 ஒலிம்பிக்குக்கான வாக்கெடுப்பு. அங்கே முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொண்ட பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர், உறுப்பினர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினார். பாரிஸ்தான் ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த நேரம். வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு பிரெஞ்சு அதிபர் ஜாக் ஷிராக் பிரிட்டிஷ் சாப்பாட்டைக் கிண்டலடித்தார், ஃபின்லாந்துக்கு அடுத்தபடி மோசமான சாப்பாடு அங்கேதான் என்று. பிரிட்டனைச் சீண்டியது போதாதென்று ஃபின்லாந்தையும் இழுத்துவிட்டார். கமிட்டியில் ஃபின்லாந்துக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். லண்டன் 54, பாரிஸ் 50. அந்த இரண்டு பேர் மாறியிருந்தால் ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு. இதற்கு நான்கு ஆண்டு முன்னால், 2008 போட்டிக்காக ஓட்டுக் கேட்டு ஆப்பிரிக்கா கிளம்பிய டொராண்டோ மேயர் மெல் லாஸ்ட்மேன், கொதிக்கும் அண்டாவில் தன்னைப் போட்டுச் சுற்றி ஆடுவார்களோ என்று பயமாக இருக்கிறது என்றார் நிருபரிடம். நுணலும் தன் வாயால் கெடும். டொராண்டோ 22 ஓட்டு வாங்கியது. அந்த முறை வென்றது பெய்ஜிங், 56 ஓட்டுடன், இரண்டே சுற்றில்.

தலைவர் வந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2009-இல், 2016 ஒலிம்பிக்குக்கான வாக்கெடுப்பு நடந்த கோபன்ஹேகனுக்கு ஒபாமா நேரில் போய்ப் பேசியும் சிகாகோ முதல் சுற்றிலேயே 18 ஓட்டோடு வெளியேறியது. அன்று ரியோ டி ஜெனிரோ கொண்டுவந்த ஆயுதம் ஓர் உலக வரைபடம். இதுவரை ஒலிம்பிக் நடந்த ஊர்களுக்கெல்லாம் புள்ளி வைத்திருந்தார்கள். தென் அமெரிக்கா முழுக்க வெறுமை. பேச்சே தேவையில்லாத வாதம் அது. ஆனால் வரைபடத்தோடு மட்டும் அவர்கள் போகவில்லை என்று 2019-இல் ரியோ மாநில முன்னாள் ஆளுநர் செர்ஜியோ கப்ரால் நீதிமன்றத்தில் சொன்னார். ஓட்டு வாங்க 20 லட்சம் டாலர் போனதாக அவர் வாக்குமூலம்.

கால்பந்தில் இந்த வட்டம் இன்னும் குறுகியது. ஃபிஃபாவில் வெறும் 24 பேர் கொண்ட செயற்குழுவே உலகக் கோப்பை எங்கே என்று தீர்மானித்துக்கொண்டிருந்தது. 2000-இல், 2006 கோப்பைக்கான தேர்தலில் ஜெர்மனிக்கு 12, தென்னாப்பிரிக்காவுக்கு 11. ஒருவர் ஓட்டே போடவில்லை: ஓஷியானியாவின் சார்லஸ் டெம்ப்ஸி. முந்தின இரவு ஜெர்மன் நையாண்டிப் பத்திரிகை ஒன்று, ஜெர்மனிக்கு ஓட்டுப் போட்டால் குயில் கடிகாரமும் பன்றித் தொடை இறைச்சியும் தருவதாக உறுப்பினர்களின் ஹோட்டலுக்குக் கேலியாக ஃபேக்ஸ் அனுப்பியிருந்தது. எல்லாப் பக்க நெருக்கடியோடு இதுவும் சேர்ந்ததில் மனிதர் அந்தச் சுற்றில் ஒதுங்கிவிட்டார். ஆப்பிரிக்கக் கண்டத்துக்கு முதல் உலகக் கோப்பை வருவது நான்கு ஆண்டு தள்ளிப்போனது.

பத்து ஆண்டு கழித்து 2010 டிசம்பரில் இரண்டு உறுப்பினர்கள் ஊழல் புகாரில் இடைநீக்கம் ஆகியிருக்க, மீதி 22 பேர் 2022 கோப்பையை அமெரிக்காவை விட்டுவிட்டு கத்தாருக்கு 14-க்கு 8 என்று கொடுத்தார்கள். கோடையில் விளையாட முடியாத வெப்பம் என்று அப்போதே தெரியும். பிற்பாடு போட்டியையே நவம்பர், டிசம்பருக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. அன்று தலைவராக இருந்த செப் பிளாட்டரே 2022-இல் அந்தத் தேர்வு தவறு என்றார்.

பாஸ்ட்டேரில் 70 சீட்டு

காமன்வெல்த் போட்டிகளுக்கு வேறு கணக்கு. அங்கே ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் ஒரு ஓட்டு. குட்டித் தீவும் கனடாவும் சமம். அதனால் பணம் திரைமறைவில் போக வேண்டிய அவசியமே இல்லை, மேடையிலேயே அறிவிக்கலாம். 2003-இல் ஜமைக்காவில் டெல்லி அதைத்தான் செய்தது: எங்களுக்கு 2010-ஐக் கொடுத்தால் 72 நாடுகளுக்கும் பயிற்சிச் செலவுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர். கனடாவின் ஹாமில்டன் 46-க்கு 22 என்று தோற்றது. கோட்ஸ் கொடுத்த வாக்குறுதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், அது இரவு விருந்தில் நடந்தது, இது பகலில் நடந்தது என்பது மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

தமிழ் வாசகருக்கு இதைவிட நெருக்கமானது 2011 நவம்பர் 11. கரீபியனில் செயின்ட் கிட்ஸ் தீவின் தலைநகர் பாஸ்ட்டேர். 2018 போட்டிக்கு இரண்டே நகரங்கள்: ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட், இலங்கையின் அம்பாந்தோட்டை. அதிபர் மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம் அம்பாந்தோட்டை. அங்கே துறைமுகம் கட்டியாகிவிட்டது, கிரிக்கெட் ஸ்டேடியம் கட்டியாகிவிட்டது, இரண்டுக்கும் அவர் பெயர்தான். பக்கத்தில் மத்தளையில் விமான நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவார்ட் கப்ராலே உரிமை கோரும் குழுவின் இணைத் தலைவராக இருந்தார் என்பதிலிருந்தே அரசு இதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது என்று தெரியும்.

போர் முடிந்து இரண்டரை ஆண்டுதான் ஆகியிருந்தது. இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை சொன்னது அதே ஆண்டு ஏப்ரலில். புலம்பெயர் தமிழ் அமைப்புகள் இந்த முயற்சியை எதிர்த்துக் குரல் கொடுத்தன. போட்டி வந்தால் போரின் நினைவு போய், புது நகரத்தின் படம்தான் உலகத்தின் கண்ணில் நிற்கும் என்பது கொழும்பின் கணக்கு. அதே கணக்கைத்தான் எதிர்த்தவர்களும் போட்டார்கள்.

முடிவு 43-க்கு 27. கோல்டு கோஸ்ட். மனித உரிமைதான் தோற்கடித்தது என்று ஒரு தரப்பு உடனே சொன்னது. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அம்பாந்தோட்டையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. கோல்டு கோஸ்டில் பாதிக்கு மேல் தயாராகவே இருந்தது. இன்னொரு விஷயம், டெல்லி 2010. அந்தப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் அருகே நடைபாலம் இடிந்து விழுந்ததையும், வீரர்கள் தங்கும் குடியிருப்பின் அசுத்தமான குளியலறைப் படங்களையும் பார்த்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 'கட்டி முடிக்கிறோம்' என்ற சொல்லுக்கு அப்போது மதிப்புக் குறைவு. ஓட்டுப் போட வந்த சங்கத்துக்காரர்களுக்கு அரசியலைப் பேசாமலே அரசியல் முடிவு எடுக்க இது ஒரு வசதியான காரணமாக இருந்திருக்கும். மனசுக்குள் எது இருந்தது என்று சொல்ல, மறுபடி, ரகசிய வாக்கெடுப்பு.

சீட்டு யார் கையில் என்பது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க, இரண்டு ஆண்டு தள்ளிப் போனால் போதும். 2013 நவம்பரில் அதே காமன்வெல்த்தின் அரசுத் தலைவர்கள் மாநாடு கொழும்பில் நடந்தது. கனடாப் பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் புறக்கணித்தார், மன்மோகன் சிங் போகவில்லை. ஆனாலும் மாநாடு இடம் மாறவில்லை. விளையாட்டுச் சங்கங்கள் மறுத்ததை அரசுகள் கொடுத்தன.

தேர்வு நாளும் போட்டி நாளும்

தேர்வுக்கும் போட்டிக்கும் நடுவில் சாதாரணமாக ஏழு ஆண்டு. இந்த இடைவெளியைப் பற்றிப் பேசாமல் நற்பெயரைப் பேச முடியாது. 1931 ஏப்ரலில் ஒலிம்பிக் கமிட்டி பார்சிலோனாவில் கூடியது, 1936 போட்டிக்கு இடம் பார்க்க. போட்டியிட்டவை பார்சிலோனாவும் பெர்லினும். கூட்டத்துக்குச் சில நாள் முன்பு ஸ்பெயின் மன்னர் நாட்டை விட்டே போய்விட்டார், குடியரசு அறிவிக்கப்பட்டது. கலவர பூமிக்கு எதற்கு என்று பல உறுப்பினர்கள் வரவில்லை. ஓட்டைத் தபாலில் வாங்க வேண்டியதாயிற்று. பெர்லின் 43, பார்சிலோனா 16. நிதானமான நாடு என்று ஜனநாயக ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடியுமுன் அங்கே ஹிட்லர் பிரதமர். கமிட்டி விட்டுக்கொடுக்கவில்லை, போட்டியும் நகரவில்லை. பார்சிலோனா தேர்வாகியிருந்தாலும் 1936 ஜூலையில் உள்நாட்டுப் போருக்கு நடுவில்தான் மாட்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1981 செப்டம்பரில் சியோலைத் தேர்ந்தெடுத்தபோது தென்கொரியாவை ஆண்டவர் சுன் டூ-ஹ்வான் என்ற ராணுவத் தளபதி. குவாங்ஜுவில் மக்களைச் சுட்டு ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. அவர் தேடியது அங்கீகாரம். ஆனால் 1987 ஜூனில் லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தபோது, அடுத்த ஆண்டு உலகமே வரப்போகிறது என்ற நினைப்பு ஆட்சியின் கையைக் கட்டிப்போட்டது. ஜூன் 29 அன்று நேரடி அதிபர் தேர்தலுக்கு இணங்கினார்கள். தென்கொரிய ஜனநாயகத்துக்கு ஒலிம்பிக்தான் காரணம் என்பது மிகை. அதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பது கஷ்டம்.

சியோல் கதையைச் சொல்லியே பெய்ஜிங் 2008-க்கு ஆதரவு திரட்டினார்கள், போட்டி வந்தால் நாடு திறக்கும் என்று. போராட்டம் நடத்த விரும்புபவர்களுக்கு மூன்று பூங்காக்களையும் அங்கே ஒதுக்கினார்கள். அனுமதி மட்டும் வாங்க வேண்டும். 77 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுக்குக்கூட அனுமதி கிடைக்கவில்லை. இடிக்கப்பட்ட தங்கள் வீடுகளுக்குச் சரியான இழப்பீடு கேட்டு, எழுபத்தைந்து தாண்டிய இரண்டு மூதாட்டிகள் விடாமல் விண்ணப்பித்தார்கள். அதற்காக அவர்களுக்கு 'உழைப்பின் மூலம் மறுகல்வி' என்று ஓராண்டுத் தண்டனை வந்தது, வெளியே செய்தி பரவிய பிறகு ரத்தானது. பூங்காக்கள் மூன்றும் காலியாகவே கிடந்தன.

பெயருக்காகப் போட்டி நடத்துபவர்கள் அந்தப் பெயரை உண்மையிலேயே காப்பாற்ற நினைக்கிறார்களா என்பதும் சந்தேகம்தான். 5,000 கோடி டாலருக்கு மேல் செலவானதாகச் சொல்லப்படும் சோச்சி ஒலிம்பிக் 2014 பிப்ரவரி 23-இல் முடிந்தது. அந்த வாரமே கிரிமியாவில் ரஷ்யத் துருப்புகள் இறங்கின. கத்தாரைப் பற்றி மட்டும் என் கருத்து கொஞ்சம் கலவை. வேலை மாறுவதற்கு முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி அங்கே 2020-இல் நீங்கியது. பத்து ஆண்டு உலகப் பத்திரிகைகள் துரத்தாமல் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? நடைமுறையில் அது எவ்வளவு தூரம் எட்டியது என்பதில் தொழிலாளர் அமைப்புகளுக்கு இன்னும் புகார் இருக்கிறது.

ஊர்க்காரர்களைக் கேட்டபோது

சீட்டு கை மாறியதில் சுவையான கட்டம் இது. 1970-இல் டென்வருக்கு 1976 குளிர்கால ஒலிம்பிக் கிடைத்தது. 1972 நவம்பரில் கொலராடோ வாக்காளர்கள் அதற்குப் பணம் தர மறுத்துவிட்டார்கள். கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்த ஊர் என்று டென்வரைக் கேலி செய்தவர்கள், அதே 1976-இல் மாண்ட்ரியலைப் பார்த்தபின் அடங்கியிருப்பார்கள். ஆண்பிள்ளை கருத்தரித்தாலும் தரிக்கலாம், ஒலிம்பிக்கில் நஷ்டம் வராது என்று சொன்னவர் மாண்ட்ரியல் மேயர் ஜான் ட்ரப்போ. அந்தக் கடன் அடைந்து முடிந்தது 2006-இல்.

மாண்ட்ரியலின் பயத்தில் 1984-க்கு யாரும் வரவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மட்டும் நின்றது. அதன் வாக்காளர்களும் ஊர்ப் பணத்தைத் தொடக் கூடாது என்று 1978-இல் சட்டம் போட்டிருந்தார்கள். ஒரே மாப்பிள்ளை என்றால் அவன் சொல்வதுதான் சீர். நஷ்டத்தை நகரமே ஏற்க வேண்டும் என்ற விதியைக் கமிட்டி தளர்த்தியது. பழைய ஸ்டேடியங்களையே வைத்து நடத்தி 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் பிடித்தார்கள். அந்த லாபம்தான் பிறகு ஊர் ஊராக ஆசையைக் கிளப்பிவிட்டது. யாரும் கவனிக்காதது, பேரம் பேசும் பலம் இருந்ததால்தான் அந்த லாபம் என்பது.

2013-இலிருந்து ஊர்க்காரர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். 2022 குளிர்கால ஒலிம்பிக் என்றதும் சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலம், மியூனிக், போலந்தின் கிராகோவ் மூன்று இடத்திலும் பொதுவாக்கெடுப்பில் 'வேண்டாம்' ஜெயித்தது. கிராகோவில் ஏறத்தாழ 70 சதவீதம். ஸ்டாக்ஹோம் தானே விலகியது. மிச்சமிருந்த ஆஸ்லோவில் ஒலிம்பிக் கமிட்டியின் உபசரிப்புக் குறிப்புகள் பத்திரிகையில் வெளியாயின: தொடக்க விழாவுக்கு முன் மன்னரோடு சந்திப்பு, சாலையில் தனித் தடம், விமான நிலையத்தில் தனி வாசல், ஹோட்டல் அறையில் அந்தந்தப் பருவத்துப் பழமும் கேக்கும். இவை நிபந்தனை அல்ல, யோசனைதான் என்று கமிட்டி சொல்லிப் பார்த்தது. 2014 அக்டோபரில் நார்வே அரசு கைவிரித்தது. கடைசியில் கமிட்டி முன் நின்றவை பெய்ஜிங்கும் கஜகஸ்தானின் அல்மாட்டியும். 44-க்கு 40. இயற்கைப் பனி அரிதாக விழும் மலைகளில் பனிச்சறுக்குப் போட்டி நடந்த கதை இப்படித்தான்.

கேட்டால் வேண்டாம் என்கிறார்கள், கேட்கத் தேவையில்லாத அரசுகள் மட்டும் மிஞ்சுகின்றன. 2024-க்கும் இதேதான்: பாஸ்டன், ஹாம்பர்க், ரோம், புடாபெஸ்ட் வரிசையாகக் கழன்றன. ஹாம்பர்கில் வேண்டாம் என்றவர்கள் 51.6 சதவீதம். புடாபெஸ்டில் வாக்கெடுப்பு கேட்டு இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டதும் அரசே பின்வாங்கியது. (எல்லோரும் எப்போதும் வேண்டாம் என்பதில்லை. 2025 அக்டோபரில் மியூனிக்கில் மறுபடி கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் சரி என்றார்கள்.)

கதவுக்குப் பின்னால்

தோற்கும் நகரங்கள் அதிகமானால் அடுத்த முறை வர ஆள் இருக்காது என்று கமிட்டி பயந்தது. 2017-இல் லிமாவில் மிச்சமிருந்த இருவரையும் உட்காரவைத்து 2024 பாரிஸுக்கு, 2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு என்று ஒரே மூச்சில் கொடுத்தார்கள். அதன்பின் தேர்தல் முறையையே மாற்றினார்கள். இப்போது ஓர் ஆணையம் ஆர்வமுள்ள நகரங்களோடு அமைதியாகப் பேசும், ஒன்றைத் தேர்ந்து முன்வைக்கும், உறுப்பினர்கள் ஆமாம் அல்லது இல்லை சொல்வார்கள். இந்த மாற்றத்தை வகுத்த குழுவின் தலைவர், மாண்டி கார்லோவில் பார்த்தோமே, அதே ஜான் கோட்ஸ். புதிய முறையில் முதலில் தேர்வான கோடைக்கால நகரம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன், 2021-இல், 72-க்கு 5.

தோற்றவர் யாரும் இல்லை, அதனால் அவமானமும் இல்லை. உறுப்பினர்களுக்கு விருந்து வைக்க வேண்டியதில்லை, அதனால் லஞ்சப் பேச்சும் குறைவு. ஆனால் எதற்காக இந்த நகரம், எதற்காக அது இல்லை என்பது முன்பு ஓட்டு எண்ணிக்கையிலாவது கொஞ்சம் தெரிந்தது, இப்போது அதுவும் இல்லை. ஃபிஃபா இன்னும் ஒரு படி போனது. ஊழலுக்குப் பின் 22 பேரிடமிருந்து எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் ஓட்டை விரித்து, 2018-இல், 2026 கோப்பைக்கு நிஜமான தேர்தல் நடத்தியது, 134-க்கு 65 என்று. பிறகோ, 2034 கோப்பைக்கு விருப்பம் தெரிவிக்க நான்கே வாரம் கொடுத்தது. சவுதி அரேபியா மட்டுமே வந்தது. 2024 டிசம்பரில் 200-க்கும் மேற்பட்ட சங்கங்கள் இணையவழிக் கூட்டத்தில் கைதட்டி ஒப்புதல் தந்தன. சீட்டே இல்லை. முறை சரியில்லை என்று நார்வே சங்கம் மட்டும் எழுதி வைத்தது.

காமன்வெல்த்தில் தேர்தல் நடத்தவே ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. 2022-க்கு ஒற்றை ஆளாகத் தேர்வான டர்பனிடமிருந்து 2017-இல் உரிமை பறிக்கப்பட்டது. 2026-ஐ எடுத்த விக்டோரியா மாநிலம் செலவு எகிறியதும் 2023-இல் விலகி, 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கட்டியது. பத்தே விளையாட்டோடு கிளாஸ்கோ அதைச் சுமக்கிறது. 2030 அகமதாபாத்துக்குப் போயிருக்கிறது. இந்தியாவின் நிஜ இலக்கு 2036 ஒலிம்பிக், அதற்கு விருப்பக் கடிதம் 2024 அக்டோபரிலேயே போய்விட்டது. டெல்லி 2010-இன் நடைபாலம் யாருடைய நினைவிலாவது மிச்சமிருக்கிறதா என்பது அப்போது தெரியும். ஒலிம்பிக் கமிட்டியின் புதிய தலைவர் கிறிஸ்டி கவன்ட்ரி, பதவியேற்றதும் 2025-இல் இந்தத் தேர்வு முறையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து மறுபரிசீலனை செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். தங்களையும் கேளுங்கள் என்று உறுப்பினர்களே கேட்டதுதான் காரணம்.

அதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு முன்பு, 2024 ஜூலையில், பாரிஸில் 2034 குளிர்கால ஒலிம்பிக் ஓட்டுக்கு வந்தது. முன்வைக்கப்பட்ட ஒரே நகரம் சால்ட் லேக் சிட்டி. அந்தச் சமயம், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியும் போட்டியிட அனுமதிக்கப்பட்ட 23 சீன நீச்சல் வீரர்கள் விவகாரத்தை அமெரிக்கப் புலனாய்வுத் துறை தோண்ட ஆரம்பித்திருந்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அதிகாரத்தை அமெரிக்கா மதிக்காவிட்டால் போட்டியைப் பறித்துக்கொள்ளலாம் என்று கமிட்டி ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தது. 1995-இல் இதே ஊர் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு கட்டி ஓட்டுக் கேட்டது. இந்த முறை எதிரில் வேறு நகரமே இல்லை, இருந்தும் தன் நாட்டு அரசிடம் போய் விசாரணையைப் பற்றிப் பேசும் பொறுப்பை ஏற்க வேண்டியிருந்தது. யூட்டா ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் நிருபர்களிடம் மறைக்கவில்லை: போட்டி கைக்கு வருவது உறுதியாக வேண்டுமென்றால் அதற்கு ஒப்புக்கொள்வதுதான் ஒரே வழியாக இருந்தது என்றார்.